தெய்வானை கேட்ட முறை

1. மேடையில்

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், காந்தி ஜயந்தி அன்று, மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி மேடையேறிச் சொன்ன ஒரு வாக்கியத்தால் எங்கள் பள்ளிக்கூடம் ஒன்பது நாள் நடக்காமல் போனது. புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்காக அனுபவம் எழுதித் தரச் சொல்லி யாராவது கேட்கும்போதெல்லாம் நான் வேறு எதையாவது எழுதிக் கொடுத்துத் தப்பித்துவிடுவேன். அந்த ஒன்பது நாளில் நான் நடந்துகொண்டது பாதி சரி, பாதி தப்பு. எழுதினால் இரண்டையும் எழுத வேண்டும். இப்போது எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவில், மீனாட்சிபுரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் ஊர். அங்கே தமிழ் மீடியம் அரசு எல்.பி. ஸ்கூல். ஒன்று முதல் நான்கு வரை வகுப்புகள், நூற்றுப் பத்துக் குழந்தைகள். ஊர் பெயர் வேண்டாம். அங்கே படித்தவர்கள் இன்று பல இடங்களில் இருக்கிறார்கள்.

எனக்குச் சொந்த இடம் பீர்மேடு பக்கம். அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். எஸ்டேட் ஸ்கூலில் படித்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதி வேலை கிடைத்தபோது குமுளி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று நாலு பஸ் மாறி இந்த ஊரில் வந்து இறங்கினேன். தமிழ்தான் பேசுகிறார்கள் என்றாலும் எனக்கு எல்லாம் புதிது. அவர்கள் பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ வந்தது. இவ்வளவு மரியாதையான ஊரா என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன்.

அந்த வருடம் கல்வி அதிகாரியான ஏ.இ.ஓ.வின் ஆபீசிலிருந்து மலையாளத்தில் ஒரு சர்க்குலர் வந்தது. தீண்டாமை ஒழிப்பைப் பற்றியும், எல்லோருக்கும் உள்ள உரிமைகளைப் பற்றியும் அன்றைக்குக் குழந்தைகளிடம் பேச வேண்டும். பள்ளி வளாகத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். குழந்தைகள் தங்கள் ஆசைகளையும் கனவுகளையும் பெற்றோர் முன்னிலையில் மேடையில் சொல்ல வேண்டும். எங்கள் ஹெட்மாஸ்டர் ராமநாதன் சார் சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். ரிடையர் ஆக ஆறு மாதம் இருந்தது. சர்க்குலரைத் தமிழில் படித்துக் காட்டிவிட்டு, டாக்டர் நாலு, இன்ஜினீயர் ரெண்டு, பட்டாளம் மூணு என்று எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைத்துவிடுங்கள் என்றார். எனக்கு வயது இருபத்துமூன்று. மனப்பாடம் வேண்டாம் சார், மனதில் இருப்பதைச் சொல்லட்டும் என்று வாதாடினேன். அவர் சர்க்குலரை மடித்து வைத்துவிட்டு, உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டார்.

விழா நன்றாகத்தான் தொடங்கியது. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடை. முன்வரிசை நாற்காலிகளில் ஊர்ப் பெரியவர்கள். நடுவில் பி.டி.ஏ. பிரசிடெண்ட் நாச்சிமுத்து. பெரிய தோட்டத்துக்காரர் என்றால் அவர்தான். பள்ளிக்கூடம் இருக்கும் இடமும் கிணறும் அவர் அப்பா எழுதிக் கொடுத்தது. மற்ற பெற்றோர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். காலனிக்காரர்கள் மட்டும் வேலிக்கு வெளியே நின்றார்கள். காலனி என்றால் ஊருக்குக் கிழக்கே, வாய்க்காலைத் தாண்டி, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடுகள். வேலியோரம் நிழல் இருப்பதால் அங்கே நிற்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு பையன் மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய் வரைக்கும் லாரி ஓட்டப் போவதாகச் சொன்னான். ஒருத்தன் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் மூங்கிலைத் தூக்கி இறக்கும் ஆளாக வேண்டும், அப்போது கலெக்டர் வண்டியே வந்தாலும் நிறுத்தலாம் என்றான். ஒரு பெண் தங்கள் எருமை இந்தத் தடவையாவது கிடேரிக் கன்று போட வேண்டும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்தார். என் யோசனை பலித்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

அடுத்தது தெய்வானை. காலனிப் பெண், எட்டு வயது. ஒத்திகை நடந்த நாட்களில் கடலைக்காய் பறிக்கப் போனதால் அவள் வரவில்லை. முந்தின நாள்தான் வந்தாள். என்ன சொல்லட்டும் என்று கேட்டபோது, உனக்கு ரொம்ப நாளாக என்ன ஆசையோ அதைச் சொல், யாருக்கும் பயப்படாதே என்றேன். அவள் மேடையில் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தே சொன்னாள்.

“எனக்கும் ஒரு நாளைக்கு முறை வரோணும்ங்க. பள்ளிக்கூடத்துக் கெணத்துல தண்ணி சேந்தி, டீச்சர் மேசைல கொண்டாந்து வெக்கோணும்.”

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இவ்வளவு சின்ன ஆசையா என்று. பிறகுதான் வேறு யாரும் சிரிக்கவில்லை என்பது தெரிந்தது. முன்வரிசையில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ராமநாதன் சார் கையிலிருந்த நிகழ்ச்சிக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே தெய்வானையின் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். காலனிப் பிள்ளைகளை அந்தக் கிணற்றைத் தொட விடுவதில்லை என்பது அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

புரிந்த பிறகு நான் செய்தது இதுதான். சரி, போய் உட்கார் என்றேன். அடுத்த பெயரை வாசித்தேன்.

2. இரண்டு அடுக்கு ஸ்லேட்டு

நான் எடுத்த மூன்றாம் வகுப்பில் ஒரு மண்பானை இருந்தது. தினமும் காலையில் இரண்டு குழந்தைகள் கிணற்றில் தண்ணீர் சேந்திப் பானையை நிரப்பிவிட்டு, என் மேசையில் ஒரு டம்ளர் வைத்து மூடுவார்கள். அதற்குத்தான் முறை என்று பெயர். யார் முறை என்பதை வகுப்பு லீடர் சுலோசனா சொல்வாள். அவள் நாச்சிமுத்துவின் பேத்தி. நான் சேரும் முன்பிருந்தே நடந்துவந்த ஏற்பாடு. அட்டெண்டன்ஸ் வரிசைப்படி நடக்கிறது என்று நினைத்திருந்தேன். ஒரு நாளும் சரிபார்த்ததில்லை.

விழா முடிந்து மிட்டாய் கொடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஊர்க் குழந்தைகளின் கையில் மிட்டாயை வைத்தார்கள். காலனிக் குழந்தைகளின் கையில் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டார்கள். போன வருடமும் இதே இடத்தில் நின்று இதையே பார்த்தவள்தான் நான்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. காலனிக் குழந்தைகளுக்குத் தாகம் எடுத்தால் வேறொரு பெண் சொம்பிலிருந்து ஊற்றுவாள், அவர்கள் கையைக் குவித்துக் குடிப்பார்கள். அதை விளையாட்டு என்று நினைத்திருந்தேன். தினமும் என் மேசைக்கு ஸ்லேட்டுகள் இரண்டு அடுக்காக வரும். முதலில் முடித்தவர்கள் ஓர் அடுக்கு, பின்னால் முடித்தவர்கள் ஓர் அடுக்கு என்று நினைத்திருந்தேன். முப்பத்தெட்டுப் பேர் வகுப்பில் சின்ன அடுக்கில் எப்போதும் பதினொரு ஸ்லேட்டு. காலனிக் குழந்தைகள் பதினொரு பேர். ஒன்றே கால் வருடமாக அந்த இரண்டு அடுக்கையும் என் கையால் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

சுலோசனாவைக் கூப்பிட்டு, இப்படிச் செய்யச் சொன்னது யார் என்று கேட்டேன். அவள் பயப்படவில்லை. கேள்விதான் அவளுக்குப் புரியவில்லை.

“யாரும் சொல்லலீங்க டீச்சர். அப்படித்தானுங்க.”

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். நான் அந்த ஊருக்கு வந்த முதல் வாரத்தில், வாடகை வீடு கேட்டுப் போனபோது, நாச்சிமுத்துவின் மனைவி என் சொந்த ஊரையும் அப்பா பெயரையும் விசாரித்துவிட்டு, நாங்கள் எந்த ஆட்கள் என்று கேட்டார். சொன்னேன். அன்று சாயந்திரமே வீடு கிடைத்தது, கிணற்றங்கரையில் எனக்கு வழியும் கிடைத்தது. அந்தக் கேள்விக்கு நான் வேறு பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை.

ராமநாதன் சார் நாற்காலிகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். சார், உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும் டீச்சர். பதினொரு வருஷமாத் தெரியும்.”

திங்கட்கிழமை தெய்வானைக்குத்தான் முறை என்றேன். அவர் தடுக்கவில்லை. ஆனால் ஒரு யோசனை சொன்னார். முறையை அட்டெண்டன்ஸ் வரிசைக்கு மாற்றுங்கள், ஒன்றாம் நம்பரிலிருந்து நாளுக்கு ஒருவராகத் தொடங்குங்கள், அவள் நம்பர் பதினேழு, மூன்று வாரம் கழித்துத் தானாக வரும், அதற்குள் ஊர் இதை மறந்திருக்கும் என்றார். அவரிடம் நான் கோபமாகப் பேசினேன். பதினொரு வருடம் காத்திருந்தவர் இன்னும் மூன்று வாரம் காத்திருக்கச் சொல்கிறார் என்று பட்டது.

3. திங்கட்கிழமை

தெய்வானை முதல் ஆளாக வந்துவிட்டாள். துவைத்த பாவாடை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. கிணற்றடியில் மற்ற பெண்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். அவளுக்கு ராட்டினம் இழுத்துப் பழக்கமில்லை. இரண்டு முறை வாளி கிணற்றுச் சுவரில் மோதித் தண்ணீர் கொட்டியது. நான் பக்கத்தில் நின்றேன், கயிற்றைத் தொடவில்லை. மூன்றாவது முறை குடத்தை நிரப்பினாள். டம்ளரை என் மேசையில் வைத்து மூடினாள். நான் உடனே குடித்தேன். எப்போதும் போல் லேசாக உப்புக் கரித்த தண்ணீர். அவள் நான் முழுதும் குடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அன்று முற்பகல் முழுதும் கணக்கானாலும் பாட்டானாலும் முதலில் கை தூக்கியது அவள்தான்.

மதியம்தான் விஷயம் வெடித்தது. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடங்களில் மதியத்துக்குக் கோதுமை ரவை உப்புமா போடுவோம். சமையலுக்கு இருந்த ரங்கம்மா, தெய்வானை தொட்ட கயிற்றை இனித் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ராமநாதன் சாரும் நானும் சமைத்தோம். குழந்தைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். பரிமாறினோம். யாரும் சாப்பிடவில்லை.

அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்க வழியில்லை. வெளியிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஒன்றாம் வகுப்பில் ஒரு சின்னப் பையன் பசி தாங்காமல் தட்டில் கை வைத்தான். நான்காம் வகுப்பில் படிக்கும் அவன் அக்கா எழுந்து வந்து, அவன் தட்டை எடுத்து மண்ணில் கவிழ்த்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தாள். அவன் அழவில்லை. கவிழ்ந்த உப்புமாவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மற்றவர்கள் சாப்பிடாததைப் பார்த்துக் காலனிக் குழந்தைகளும் கையை எடுத்துவிட்டார்கள். ஆவி பறக்க ஓர் அண்டா உப்புமா, நூற்றுப் பத்துக் குழந்தைகள், எல்லோருக்கும் பசி.

செவ்வாய்க்கிழமை என் வகுப்பில் பதினொரு பேர் இருந்தார்கள். எல்லோரும் காலனி. தெய்வானையும் இருந்தாள். புதன்கிழமை அவர்களும் வரவில்லை. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் மேலிருந்து கீழே வரை ‘ஏ’ போட்டேன். என் முப்பது வருட சர்வீசில் அப்படி ஒரு பக்கம் வேறு கிடையாது.

4. பிரசிடெண்ட்

புதன்கிழமை பத்து மணிக்கு நாச்சிமுத்து வந்தார். சண்டைக்கு வருவார் என்று தயாராக இருந்தேன். அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தார். என் அப்பாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். காலியான பெஞ்சுகளைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

“தப்பா நெனைக்காதீங்க டீச்சர். கெணறு எங்கப்பன் வெட்டுனது. பள்ளிக்கோடத்துக்கு எழுதிக் குடுத்துட்டோம், அது வாஸ்தவம். பழக்கத்த எழுதிக் குடுக்கலீங்களே.”

சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்றேன். இருக்கட்டும் என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் இரண்டு மைலில் இன்னொரு பள்ளிக்கூடம் இருக்கிறது, ஊர்க் குழந்தைகள் அங்கே போய்விடுவார்கள் என்றார். அது வெறும் மிரட்டல் இல்லை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் டிவிஷன் என்கிற வகுப்புப் பிரிவு போய்விடும். டிவிஷன் போனால் ஓர் ஆசிரியர் போஸ்ட் போகும். இரண்டு டிவிஷன் போனால் அந்தப் பள்ளிக்கூடமே மிஞ்சாது. உங்களுக்கு வேறு ஊர் கிடைக்கும், இந்தக் காலனிப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடைக்குமா என்று என்னையே கேட்டார். முறை பழையபடிதான் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே எல்லோரும் வந்துவிடுவார்கள் என்றார்.

முடியாது என்று நான் சொன்னதாக இந்த இடத்தில் எழுத ஆசைதான். ஆனால் யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். அவர் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போனார். இவ்வளவு பண்பாகப் பேசி இப்படி ஒன்றைக் கேட்க முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

5. வாய்க்காலைத் தாண்டி

வியாழக்கிழமை பள்ளி நேரம் முடிந்ததும் காலனிக்குப் போனேன். முதல் தடவை போகிறேன். என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.

தெய்வானையின் அம்மா வள்ளி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அப்பா மாரப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர் நாச்சிமுத்துவின் தோட்டத்தில் பம்ப்செட் பார்த்து வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவர். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறாரே என்று கேட்டேன். திங்கட்கிழமை மத்தியானமே மம்பட்டியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள் என்று வள்ளி சொன்னாள். இவர் தொட்ட தண்ணீர்தான் அவர்கள் வயல் பூராவும் பாய்கிறது, அதற்கு ஒன்றுமில்லை என்றாள்.

தெய்வானை எங்கே என்றேன். முதலமடைப் பக்கம் ஒரு மாந்தோப்பில் மாரப்பனின் தங்கை குடும்பம் காவலுக்கு இருந்தது. புதன்கிழமை விடிந்ததும் அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டார்களாம். படிப்பு? வள்ளி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நீங்க ஆசையக் கேட்டீங்க, அவ சொன்னா. கேட்டதோட உட்டிருக்கலாம். இல்லீன்னா எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நீங்க நாளைக்குப் பொட்டியத் தூக்கிட்டு பஸ் ஏறிருவீங்க. நாங்க எங்கீங்க போறது?”

நல்லது செய்கிறேன் என்று நான்கு நாளாக மனதுக்குள் வைத்திருந்த தைரியமெல்லாம் இறங்கிப் போனது. ஒரு குடும்பத்தின் வேலையும் ஒரு குழந்தையின் பள்ளிக்கூடமும் போனது எனக்கு நான்கு நாளாகத் தெரியவே இல்லை. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டேன். மாரப்பன் உள்ளே போகத் திரும்பினார். வள்ளி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இப்ப வேண்டாமுங்க டீச்சர். யாராச்சும் பாத்தா அதுக்கும் நாங்கதான் பதில் சொல்லோணும்.”

6. ரிப்போர்ட்

வெள்ளிக்கிழமை ராமநாதன் சாரிடம் போய், ஏ.இ.ஓ.வுக்கு ரிப்போர்ட் எழுதப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ரிடையர் ஆகப் போகிறவருக்கு எதற்கு வம்பு. மாரப்பன் வேலை போனதையும் தெய்வானை முதலமடையில் இருப்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, அவரே எழுத உட்கார்ந்தார். ஆபீஸ் மலையாளம் எனக்கு அவ்வளவாக வராது. எழுதி முடித்து வரி வரியாகத் தமிழில் சொன்னார்.

நடந்தது எல்லாம் இருந்தது. முறை, சொம்பு, ஸ்லேட்டு, உப்புமா, மாரப்பன். கடைசிப் பத்தியில், இந்தப் பள்ளியில் காலனிக் குழந்தைகள் கிணற்றைத் தொட விடப்படாதது தனக்குத் தெரிந்தே பதினொரு வருடமாக நடந்துவருகிறது என்று எழுதியிருந்தார். நான் பதறிப்போனேன். இதை எடுத்துவிடுங்கள் சார், மெமோ வரும் என்றேன்.

“தெரியாதுன்னு எழுதுனா, போன வாரம் ஆரம்பிச்ச சண்டை ஆயிரும் டீச்சர். புதுசா வந்த ஒரு பொம்பளையால வந்ததுன்னு முடிச்சிருவாங்க. பதினொரு வருஷம்னு ஒருத்தன் கையெழுத்துப் போட்டாத்தான் நிக்கும்.”

கையெழுத்துப் போட்டு சீல் வைத்தார். கீழே நானும் போட்டேன். இரண்டு பேரும் அன்றே சித்தூர் போய் ஆபீசில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினோம். திரும்பும் பஸ்ஸில், விழா அன்று அவரை எவ்வளவு லேசாக எடை போட்டேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

7. உத்தரவு

அடுத்த செவ்வாய்க்கிழமை ஏ.இ.ஓ.வும் தாசில்தாரும் ஜீப்பில் வந்தார்கள். ஹெட்மாஸ்டர் அறையில் நாச்சிமுத்துவையும் ஊரில் நாலு பேரையும் உட்கார வைத்து, சர்க்கார் கிணற்றில் ஒருவரைத் தடுப்பது குற்றம், கேஸ் போட்டால் ஜாமீனுக்கு அலைய வேண்டும் என்று தாசில்தார் விளக்கினார். நாச்சிமுத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். குழந்தைகளை அனுப்பச் சம்மதித்தார். மாரப்பனை வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். சொன்னபடி எடுத்தும் கொண்டார்.

பிறகு ஏ.இ.ஓ. ஓர் உத்தரவு எழுதினார். இனிமேல் எந்தக் குழந்தையும் தண்ணீர் சேந்த வேண்டாம், ஊர்க்காரரான பார்ட் டைம் ஸ்வீப்பரே எல்லா வகுப்புப் பானைகளையும் நிரப்ப வேண்டும். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும் நிம்மதி. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். தெய்வானை ஒரு முறை கேட்டாள், நாங்கள் பெரியவர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து முறையையே இல்லாமல் செய்துவிட்டோம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் நிறைந்தது. மாரப்பன் முதலமடைக்குப் போய் தெய்வானையைக் கூட்டிவந்திருந்தார். ஆள் இளைத்திருந்தாள். மணி அடிக்கும் முன்பே என் மேசையருகே வந்து, இன்றைக்கு யார் முறை என்று கேட்டாள். இப்போது யாருக்கும் முறை இல்லை, ஸ்வீப்பரே கொண்டுவருவார் என்றேன். அவள் தன் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கு ஒருக்கா வந்துருச்சுங்க டீச்சர். சரசுக்கு இன்னும் வரலீங்களே.”

சரசு அவள் பக்கத்தில் உட்காரும் பெண். காலனிக் குழந்தைகளில் அவளையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு இன்னும் வரவில்லை. ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் பல தடவை வந்திருக்கிறது. தெய்வானைக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தது. உத்தரவில் கையெழுத்துப் போட்ட எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றே ராமநாதன் சாரிடம் போனேன். இந்தத் தடவை அவர் முதலில் சொன்ன வழியைத்தான் கேட்டேன். ஸ்வீப்பர் பானையை நிரப்பட்டும், என் மேசைக்கு வரும் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குழந்தைகள் சேந்திக் கொண்டுவரட்டும், அட்டெண்டன்ஸ் வரிசைப்படி, ஒன்றாம் நம்பரிலிருந்து, பையன் பெண் எல்லோரும். ஆனால் அதற்கு முன் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். முதலில் காலனியில் பதினொரு வீட்டுக்கும் போனேன். ஆறு வீட்டில் சரி என்றார்கள். நாலு வீட்டில் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வள்ளி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தெய்வானையிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். ஊரில் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ராமநாதன் சார், ஏ.இ.ஓ.வுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று ஆர்டர் புத்தகத்தில் இதை எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டார்.

சரசு நம்பர் இருபத்தொன்பது. டிசம்பர் பரீட்சைக்கு முன்னால் அவள் முறை வந்தது. யாரும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகவில்லை. ஆனால் சுலோசனா அந்த வருடம் முழுதும் வீட்டிலிருந்து தூக்குப்போசியில் தண்ணீர் கொண்டுவந்துதான் குடித்தாள். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். ஸ்லேட்டு ஒரே அடுக்காக வந்தது. உப்புமா வரிசை கலந்து உட்கார மறுவருடம் வரை ஆயிற்று. ராமநாதன் சாருக்கு எதிர்பார்த்த மெமோ வந்தது. தெரிந்தே நடந்தது, தவறு என்னுடையது என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டு, மார்ச்சில் ரிடையர் ஆனார்.

8. மறுவருடம்

அடுத்த காந்தி ஜயந்திக்கும் அதே சர்க்குலர் வந்தது. நான் இரண்டு வாரம் முன்பே குழந்தைகளிடம் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து ஆசையை எழுதச் சொல்லி, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியாக உட்கார்ந்து படித்தேன். எதையும் அடித்துத் திருத்துவதற்காக அல்ல. எந்த ஆசையை மேடையில் சொன்னால் யார் வீட்டில் அடுப்பு அணையும் என்று எனக்கு முதலில் தெரிய வேண்டும். எதை மேடைக்குக் கொண்டுபோகாமலே செய்து கொடுக்கலாம் என்று பார்க்க வேண்டும். எதற்கு நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். ரிடையர் ஆகும் வரை இப்படித்தான் செய்தேன். இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உன் ஆசை என்ன என்று ஒரு குழந்தையைக் கேட்கும் முன், அந்தப் பதிலின் பளு யார் தலையில் இறங்கும் என்று பாருங்கள். உங்கள் தலையிலும் கொஞ்சம் இறங்கட்டும் என்று முடிவு செய்த பிறகு கேளுங்கள். வகுப்பை ஏற்றுக்கொண்ட முதல் நாளில் பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன், யார் கூட்டுகிறார்கள், யார் தண்ணீர் கொண்டுவருகிறார்கள், யார் எங்கே உட்காருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணாமல் இருந்தது ஒன்றே கால் வருடம்.

தெய்வானையின் காகிதத்தில், பொள்ளாச்சிக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போக வேண்டும் என்று இருந்தது. அதைப் பல தடவை படித்தேன். பஸ்ஸில் அவளை யார் எழுப்பிவிட்டார்கள், எந்த சீட்டில் உட்காரக் கூடாது என்று சொன்னார்கள், எனக்குத் தெரியாமல் இன்னும் என்ன நடக்கிறது என்று மனம் எங்கெல்லாமோ ஓடியது. மறுநாளே வாய்க்காலைத் தாண்டிப் போய் மாரப்பனிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, எழுத்துக் கூட்டிப் படித்து முடித்ததும் சிரித்தார்.

“இதுல ஒண்ணுமில்லீங்க டீச்சர். அவளுக்குக் காத்து வாங்கோணும். அவ்வளவுதான்.”